எண்ணும் முறையை மாற்றியவர்: சத்யேந்திரநாத் போஸ்



போஸ் என்று சொன்னால் உங்களில் பெரும்பாலோருக்கு நேதாஜி நினைவுக்கு வருவார். சிலருக்குத் தாவரங்களை வைத்துச் சோதனைகள் செய்த ஜகதீஷ் சந்திர போஸ் நினைவுக்கு வரலாம். நம் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் ஸ்பீக்கர் கம்பெனியைச் சொல்வார்கள். இந்த மூவரும் இல்லாத நான்காவது போஸ் ஒருவர் இருந்தார். உலகத்தில் உள்ள துகள்களை விஞ்ஞானிகள் இரண்டே குடும்பங்களாகப் பிரிக்கிறார்கள். அதில் ஒரு குடும்பத்துக்கு இவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் நம்மில் பலருக்கு இவரைத் தெரியாது. இந்த இதழில் அவருடைய கதையைச் சொல்கிறேன்.

பி.காம். படித்துவிட்டு வங்கியில் பேரேடு எழுதியவனுக்கு இயற்பியலில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இவர் செய்த பெரிய காரியம் எண்ணுவது சம்பந்தப்பட்டது. கவுண்ட்டரில் உட்கார்ந்து காலமெல்லாம் எண்ணிக்கொண்டிருந்த எனக்கு அது புரிந்தது. உங்களுக்கும் கட்டாயம் புரியும்.

கொல்கத்தா பையன்

சத்யேந்திரநாத் போஸ் 1894 ஜனவரி 1 அன்று கொல்கத்தாவில் பிறந்தார். அப்பா சுரேந்திரநாத் போஸ் கிழக்கிந்திய ரயில்வேயின் பொறியியல் பிரிவில் வேலை பார்த்தவர். ஏழு குழந்தைகளில் மூத்தவர் சத்யேந்திரர், அவருக்குப் பின் ஆறு தங்கைகள். சிறு வயதிலேயே கண்பார்வை குறைவு. ஆனால் கணக்கில் படு சுட்டி. இந்து பள்ளியில் படித்தபோது, ஒரே கணக்கைப் பல வழிகளில் போட்டுக் காட்டியதற்காகக் கணித ஆசிரியர் நூற்றுக்கு 110 மதிப்பெண் போட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள்.

பிறகு பிரெசிடென்சி கல்லூரி. ஜகதீஷ் சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் அங்கே ஆசிரியர்கள். மேக்நாத் சாஹா உடன் படித்தவர். 1915இல் எம்.எஸ்சி. தேர்வில் போஸ் முதலிடம், சாஹா இரண்டாமிடம். இந்தச் சாஹாவும் பின்னாளில் நட்சத்திரங்களின் ஒளியை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார். ஒரே வகுப்பில் இப்படி இரண்டு பேர்!

படித்து முடித்தாயிற்று, அடுத்து என்ன? முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. கொல்கத்தா பல்கலைக்கழகத்தில் முதுகலை அறிவியல் வகுப்புகளைத் தொடங்கிக்கொண்டிருந்த அசுதோஷ் முகர்ஜி, இந்த இளைஞர்களையே பாடம் நடத்த அழைத்துக்கொண்டார். புதிய இயற்பியல் முழுவதும் ஜெர்மன் மொழியில் இருந்தது. போர்க்காலம் என்பதால் புத்தகம் கிடைப்பதோ குதிரைக்கொம்பு. சிப்பூர் பொறியியல் கல்லூரியில் இருந்த புரூல் என்ற பேராசிரியரிடம் ஜெர்மன் புத்தகங்கள் இருப்பதை அறிந்து, அவற்றை வாங்கிப் படித்துத் தாங்களே கற்றுக்கொண்டார்கள். கற்றுக்கொடுக்க ஆள் இல்லாத பாடத்தைத் தாமே கற்று, மறுநாள் மாணவர்களுக்கு நடத்தினார்கள். 1920இல் போஸும் சாஹாவும் சேர்ந்து ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்கள். கொல்கத்தா பல்கலைக்கழகம் அதைப் புத்தகமாக வெளியிட்டது. அந்தக் கட்டுரைகள் ஆங்கிலத்தில் வந்தது அதுதான் முதல் தடவை.

1921இல் டாக்காவில் புதிதாகப் பல்கலைக்கழகம் திறந்தார்கள். போஸ் அங்கே ரீடராகப் போனார்.

டாக்காவில் எழுதிய நாலு பக்கம்

இரும்பைக் காய்ச்சினால் முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், அப்புறம் வெளுக்கும். எந்தச் சூட்டில் எந்த நிறத்தில் எவ்வளவு ஒளி வரும் என்பதற்கு மேக்ஸ் பிளாங்க் என்ற ஜெர்மானியர் 1900இல் ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார். சூத்திரம் கொடுத்த விடை சரி. ஆனால் விடைக்குப் போன வழியில் ஓட்டை இருந்தது. பாதி தூரம் பழைய இயற்பியல், மீதி தூரம் புதியது என்று ஒட்டுப் போட்டிருந்தார்கள். விடை சரியாக இருக்கிறதே, விட்டுவிடலாம் என்று மற்றவர்கள் இருந்திருக்கலாம். மாணவர்களுக்குப் பாடம் நடத்தும்போது போஸுக்கு அது உறுத்தியது. தனக்கே திருப்தி இல்லாததைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருவது?

அந்த உறுத்தலில்தான் எண்ணும் முறையை மாற்றினார். அதை என் பாஷையில் சொல்கிறேன்.

ராமு, சோமு என்று இரண்டு பேர் இருக்கிறார்கள். உங்கள் கையில் இரண்டு நூறு ரூபாய் நோட்டுகள். அவற்றை இவர்களுக்கு எத்தனை விதமாகக் கொடுக்கலாம்? இரண்டையும் ராமுவுக்குக் கொடுக்கலாம். இரண்டையும் சோமுவுக்குக் கொடுக்கலாம். முதல் நோட்டை ராமுவுக்கும் இரண்டாவதைச் சோமுவுக்கும் கொடுக்கலாம். அல்லது மாற்றிக் கொடுக்கலாம். ஆக நான்கு விதம். ஒவ்வொரு நோட்டிலும் ஒரு நம்பர் இருப்பதால் மூன்றாவதும் நான்காவதும் வேறு வேறு.

இப்போது அதே பணத்தை இருவரின் வங்கிக் கணக்கில் வரவு வையுங்கள். ராமு 200, சோமு 0. ராமு 0, சோமு 200. இருவருக்கும் நூறு நூறு. மூன்றே விதம்தான். பேரேட்டில் ஏறிய பிறகு எந்த நூறு யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. கணக்கில் உள்ள ரூபாய்க்கு நம்பர் கிடையாது, முகம் கிடையாது.

போஸ் வரும்வரை பெரிய பெரிய மேதைகள்கூட ஒளியின் துகள்களை நோட்டு மாதிரி எண்ணிக்கொண்டிருந்தார்கள். போஸ் பேரேடு மாதிரி எண்ணினார். இந்த அறையில் எத்தனை துகள், அந்த அறையில் எத்தனை துகள் என்பது மட்டும்தான் கணக்கு. எந்தத் துகள் எந்த அறையில் என்ற கேள்விக்கே அர்த்தம் இல்லை. இப்படி எண்ணியதும் பிளாங்கின் சூத்திரம் ஒட்டுப் போடாமல் நேராக வந்து நின்றது.

இதில் இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். நோட்டுக் கணக்கில் எல்லா விதத்துக்கும் சம வாய்ப்பு என்று வைத்தால், இரண்டு நூறும் ஒரே ஆளிடம் சேர வாய்ப்பு நான்கில் இரண்டு, அதாவது பாதி. பேரேட்டுக் கணக்கில் அதே வாய்ப்பு மூன்றில் இரண்டு. இந்தத் துகள்களுக்கு ஒன்றாகக் கூடும் குணம் இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கூடும் குணம் எதுவரை கொண்டுபோகும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முன்பின் தெரியாதவருக்கு ஒரு கடிதம்

கட்டுரை நாலே பக்கம். முதலில் லண்டன் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினார், அது அச்சேறவில்லை. 30 வயது போஸ் அடுத்து செய்த காரியத்துக்குத் துணிச்சல் வேண்டும். 1924 ஜூன் 4 அன்று கட்டுரையை நேராக ஐன்ஸ்டைனுக்கே அனுப்பிவிட்டார். தனக்கு மொழிபெயர்க்கும் அளவுக்கு ஜெர்மன் வராது என்றும், தகுதி இருப்பதாகத் தோன்றினால் ஜெர்மன் பத்திரிகை ஒன்றில் வெளிவர ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். முன்பின் தெரியாதவனாக இருந்தாலும் உங்கள் எழுத்தைப் படித்த நாங்கள் எல்லோரும் உங்கள் மாணவர்கள்தான் என்ற பொருளில் உரிமையோடு எழுதியிருந்தார்.

உலகமே கொண்டாடிய ஐன்ஸ்டைனுக்கு ஒவ்வொரு நாளும் எத்தனை கடிதம் வந்திருக்கும்? எங்கேயோ இருக்கும் டாக்காவிலிருந்து, டாக்டர் பட்டம்கூட இல்லாத ஒருவர் அனுப்பிய காகிதத்தை அவர் ஓரமாக வைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் உட்கார்ந்து படித்தார். தானே ஜெர்மனில் மொழிபெயர்த்தார். இது முக்கியமான முன்னேற்றம் என்று தன் கைப்படக் குறிப்பும் சேர்த்துப் பத்திரிகைக்கு அனுப்பினார். போஸ் பெயரிலேயே அது வெளியானது. போஸுக்கு ஒரு தபால் அட்டையில் பதிலும் போட்டார்.

அந்தத் தபால் அட்டை செய்த வேலையைப் பாருங்கள். அதைக் காட்டியதும் டாக்கா பல்கலைக்கழகம் ஐரோப்பா போக இரண்டு ஆண்டு விடுப்பு கொடுத்தது. ஜெர்மன் தூதரகம் கட்டணமே வாங்காமல் விசா கொடுத்தது என்று சொல்வார்கள். இன்றைக்கு நாம் விசாவுக்கு எத்தனை காகிதம் காட்டுகிறோம்!

1924 அக்டோபரில் போஸ் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். நேரே பெர்லினுக்குப் போகாமல் ஓர் ஆண்டு பாரிஸிலேயே தங்கிவிட்டார். மேரி கியூரி அம்மையாரைப் பார்க்கப் போன கதை வேடிக்கையானது. முதலில் நன்றாகப் பிரெஞ்சு கற்றுக்கொண்டு வாருங்கள் என்று அந்த அம்மையார் விடாமல் அறிவுரை சொல்லிக்கொண்டே போக, தனக்குப் பிரெஞ்சு தெரியும் என்று சொல்ல இவருக்கு இடைவெளியே கிடைக்கவில்லையாம். 1925 அக்டோபரில் பெர்லின் போய் ஐன்ஸ்டைனைச் சந்தித்தார்.

இதற்குள் ஒரு மனக்கசப்பும் நடந்திருந்தது. போஸ் அனுப்பிய இரண்டாவது கட்டுரையையும் ஐன்ஸ்டைன் வெளியிட வைத்தார், ஆனால் இதில் எனக்கு உடன்பாடு இல்லை என்று குறிப்பு சேர்த்துவிட்டார். குருவாக நினைத்தவரே மறுத்து அச்சில் எழுதினால் யாருக்கும் வலிக்கத்தான் செய்யும். போஸ் கடைசிவரை ஐன்ஸ்டைன் மீது வைத்த மரியாதையைக் குறைத்துக்கொள்ளவில்லை.

அணுக்களுக்கும் அதே கணக்கு

போஸ் எண்ணியது ஒளியை. அதே எண்ணும் முறையை வாயுவில் உள்ள அணுக்களுக்குப் போட்டுப் பார்த்தவர் ஐன்ஸ்டைன். விடை விசித்திரமாக வந்தது. மிக மிகக் குளிரவைத்தால், அணுக்கள் கூட்டம் கூட்டமாக ஒரே நிலைக்கு, மிகக் குறைந்த ஆற்றல் உள்ள நிலைக்கு இறங்கிவிடும். ஆயிரம் அணு இருந்தாலும் எல்லாம் சேர்ந்து ஒரே பொருள் மாதிரி நடந்துகொள்ளும். இதற்குத்தான் போஸ்-ஐன்ஸ்டைன் செறிவு என்று பெயர். 1925இல் இதைச் சோதித்துப் பார்க்கும் அளவுக்கு யாராலும் குளிர வைக்க முடியாது. காகிதத்திலேயே நின்றுவிட்டது.

எல்லாத் துகளும் இப்படிக் கூடாது. எலக்ட்ரான் போன்றவை வேறு குடும்பம். நம் கார் பார்க்கிங் மாதிரி அவற்றுக்கு ஓர் இடத்துக்கு ஒன்றுதான். இவற்றுக்கு இத்தாலிய விஞ்ஞானி ஃபெர்மியின் பெயரில் ஃபெர்மியான் என்று பெயர். நம் கிளப் ஹவுஸ் மாதிரி எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே இடத்தில் கூடலாம் என்று இருப்பவை போசான். இந்தப் பெயர்களை வைத்தவர் ஆங்கில விஞ்ஞானி டிராக். 1950-களில் டிராக் தம்பதி கொல்கத்தா வந்தபோது, அவர்களைக் காரின் பின் இருக்கையில் தாராளமாக உட்கார வைத்துவிட்டு, முன் இருக்கையில் தன்னோடு மாணவர்களை நெருக்கியடித்து ஏறச் சொன்னாராம் போஸ். இவ்வளவு நெருக்கம் எதற்கு என்று டிராக் கேட்டபோது, நாங்கள் போஸ் புள்ளியியலை நம்புகிறவர்கள் என்று பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு.

பட்டம் இல்லாத பேராசிரியர்

1926இல் டாக்கா திரும்பிய போஸ் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தார். டாக்டர் பட்டம் இல்லையே என்பது தடையாக நின்றது. ஐன்ஸ்டைனின் பரிந்துரை இருந்தும் தேர்வுக் குழு முதலில் வேறொருவரைத்தான் தேர்ந்தெடுத்தது. அவர் வேண்டாம் என்று சொன்ன பிறகே இவருக்கு வந்தது. 1927இல் பேராசிரியரும் துறைத் தலைவரும் ஆனார். தன் பெயரில் உலகம் முழுக்கப் பாடம் நடக்கிறது, தன் ஊரில் பதவிக்கு இரண்டாவது ஆள்! நம்மில் பதவி உயர்வு தள்ளிப்போனவர்களுக்கு இந்த வலி நன்றாகப் புரியும்.

ஆனால் போஸ் அந்தத் துறையை நன்றாக வளர்த்தார். நம் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணன் 1928 கடைசியிலிருந்து 1933 வரை அந்தத் துறையில் ரீடராக இருந்துதான் படிகங்களின் காந்தக் குணம் பற்றிய தன் பெரிய ஆராய்ச்சிகளைச் செய்தார். 1945இல் போஸ் கொல்கத்தா பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி 1956 வரை பேராசிரியராக இருந்தார். அங்கே அவருடைய மாணவி பூர்ணிமா சின்ஹா, போரில் மிஞ்சிக் கழித்துக்கட்டிய சாமான்களைத் தேடி வாங்கி எக்ஸ்ரே கருவி கட்டி ஆராய்ச்சி செய்தார். அந்தப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான். தனக்கு இல்லாத பட்டத்தை எத்தனையோ பேர் வாங்க வழிகாட்டினார் போஸ்.

தாய்மொழியில் அறிவியல் சொல்லிக்கொடுக்க முடியாது என்று சொல்பவர்களை அவர் ஏற்கவில்லை. 1948இல் வங்காள அறிவியல் கழகம் ஒன்றைத் தொடங்கி, அதன் சார்பில் வங்க மொழியில் அறிவியல் மாத இதழ் நடத்தினார். தாகூர் 1937இல் எழுதிய அறிவியல் நூலை இவருக்குத்தான் சமர்ப்பணம் செய்தார். வீட்டில் எஸ்ராஜ் என்ற நரம்பு வாத்தியம் வாசிப்பார், பூனைகள் வளர்ப்பார்.

மரியாதைகளும் மெதுவாக வந்தன. 1952 முதல் மாநிலங்களவை நியமன உறுப்பினர். 1954இல் பத்ம விபூஷண். அதற்குப் பிறகு சாந்திநிகேதனில் துணைவேந்தர். லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனது 1958இல், அதாவது அந்த நாலு பக்கக் கட்டுரைக்கு 34 ஆண்டுகள் கழித்து. நோபல் பரிசுக்குச் சில முறை பரிந்துரைக்கப்பட்டார், கிடைக்கவில்லை. 1974 பிப்ரவரி 4 அன்று, 80 வயது நிறைந்து ஒரு மாதத்தில், கொல்கத்தாவில் காலமானார்.

அவர் போன பிறகு

அவருடைய கணக்கு கையில் தொடும் பொருளாக மாறியது அவர் இறந்து 21 ஆண்டு கழித்து. 1995 ஜூன் 5 அன்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் எரிக் கார்னெல், கார்ல் வீமன் இருவரும் சுமார் 2000 ரூபிடியம் அணுக்களைக் குளிரவைத்தார்கள். மைனஸ் 273.15 டிகிரி என்பது எதுவும் அதற்குக் கீழே குளிர முடியாத எல்லை. அந்த எல்லைக்கும் இவர்கள் எட்டிய குளிருக்கும் இருந்த வித்தியாசம், ஒரு டிகிரியைக் கோடி பங்காக்கினால் அதில் இரண்டு பங்குகூட இல்லை. அணுக்கள் ஒரே நிலைக்கு இறங்கின. அதே ஆண்டு வோல்ஃப்காங் கெட்டர்லே சோடியம் அணுக்களில் அதைச் செய்தார். மூவருக்கும் 2001இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதுவும் முடிவில்லை. அந்தச் செறிவு ஒரு வாயு. அதைக் காந்தப் புலத்தாலோ லேசர் ஒளியாலோ பிடித்து வைக்க வேண்டும். பிடியை விட்டால் பரவிக் கலைந்துவிடும். ஒரு மழைத்துளியை நினைத்துப் பாருங்கள். அதற்குப் பாத்திரம் தேவையில்லை, தன்னைத் தானே பிடித்துக்கொண்டு விழுகிறது. அதனுள் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுக்கின்றன, ரொம்ப நெருங்கினால் தள்ளுகின்றன. இரண்டும் ஈடாகும் இடத்தில் துளி நிற்கிறது. குளிர்ந்த அணுக்களின் வாயுவிலும் இப்படி ஒரு துளி உண்டாகுமா?

வெகு நாள் வரை இல்லை என்றுதான் நினைத்தார்கள். இந்த மாதிரி வாயுவில் இழுப்பு மிஞ்சினால் எல்லாம் உள்பக்கமாகச் சரிந்து நொறுங்கிவிடும் என்பது பழைய கணக்கு. 2015இல் டிமித்ரி பெட்ரோவ் என்ற விஞ்ஞானி அந்தக் கணக்கில் சின்னதாக விட்டுப்போன ஒரு தொகையைக் கவனித்தார். எவ்வளவு குளிர்ந்தாலும் அணுக்கள் முழுசாக அசையாமல் நிற்பதில்லை. ஒரு நடுக்கம் இருந்துகொண்டே இருக்கும். அணுக்கள் நெருங்க நெருங்க அந்த நடுக்கத்தின் ஆற்றல் கூடி எதிர்த்துத் தள்ளும். இந்தத் தள்ளல் எவ்வளவு என்று 1957லேயே லீ, ஹுவாங், யாங் என்ற மூவர் கணக்கிட்டு வைத்திருந்தார்கள். வழக்கமாக அது மிகச் சிறியது, யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் அணுக்களின் இழுப்பையும் தள்ளலையும் ஏறக்குறைய ஈடுசெய்து வைத்தால், மிஞ்சுவது சின்ன இழுப்பு. அப்போது இந்தச் சின்னத் தள்ளலே அதைத் தடுத்து நிறுத்தப் போதும்.

வங்கியில் இருந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். அந்தக் காலத்தில் நாள் முடிவில் வரவும் செலவும் டேலி ஆக வேண்டும். லட்சக்கணக்கில் இரண்டு பக்கமும் சரியாக இருக்கும், சில பைசா மட்டும் இடிக்கும். அந்தப் பைசாவைத் தேடி இரவு ஒன்பது மணி வரை உட்கார்ந்திருக்கிறோம். பெரிய தொகைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்ட பிறகு, மிஞ்சிய பைசாதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். இந்தத் துளியும் அப்படி ஒரு பைசாவில் நிற்கிறது.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் டில்மன் ஃபாவின் குழு டிஸ்ப்ரோசியம் என்ற உலோகத்தின் அணுக்களை வைத்துச் சோதனை செய்தது. இதில் ஒவ்வொரு அணுவும் வலுவான குட்டிக் காந்தம். நொறுங்க வேண்டிய வாயு நொறுங்காமல், வரிசையாகச் சின்னச் சின்னத் துளிகளாகப் பிரிந்து நின்றது. 2016இல் அந்த முடிவுகள் வெளியாயின. பிடியை விட்டபோதும் துளிகள் கலையாமல் நின்றதை அதே ஆண்டு காட்டினார்கள். ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக்கில் ஃபிரான்செஸ்கா ஃபெர்லைனோ குழு எர்பியம் அணுக்களில் பார்த்தது. பிறகு பார்சிலோனா அருகே லெட்டீசியா தாருவெல் குழுவும், இத்தாலியின் ஃபிளாரன்ஸில் ஒரு குழுவும் பொட்டாசியம் அணுக்களில் பெட்ரோவ் சொன்னபடியே துளிகளைக் கண்டார்கள். அவை 2018இல் வெளியாயின.

இந்தத் துளி தண்ணீரைவிடச் சுமார் பத்துக் கோடி மடங்கு அடர்த்தி குறைந்தது. நாம் சுவாசிக்கும் காற்றைவிடவும் பல ஆயிரம் மடங்கு மெல்லியது. இருந்தும் அது திரவம்! பாத்திரம் இல்லாமல் தன்னைத் தானே பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஆனால் அணுக்களின் எண்ணிக்கை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் துளி நிலைக்காது, மறுபடி வாயுவாகக் கலைந்துவிடும். நம் பொதுக்குழுக் கூட்டம் கோரம் இல்லாமல் கலைகிறதே, அந்த மாதிரி. மொத்த ஆயுளும் கண் இமைக்கும் நேரத்துக்குள்தான். அதற்குள் படம் பிடித்து அளந்துவிடுகிறார்கள்.

கணக்கை நேர் செய்வோம்

போஸ் முப்பது வயதில் ஒரு பெரிய காரியம் செய்தார், அதற்கு மேல் ஆராய்ச்சியில் பெரிதாக எதுவும் செய்யவில்லை, வாழ்க்கை முழுவதும் அவர் வெளியிட்ட கட்டுரைகள் குறைவு என்று குறை சொல்பவர்கள் உண்டு. இன்னொரு பக்கம், எல்லாவற்றையும் போஸே கண்டுபிடித்தார், வெள்ளைக்காரன் மறைத்துவிட்டான் என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளும் உண்டு. இரண்டுமே தப்பு வரவு என்பது என் கருத்து.

எண்ணும் முறை போஸின் கணக்கில் வரவு. அதை அணுக்களுக்குப் போட்டுச் செறிவைச் சொன்னது ஐன்ஸ்டைன் கணக்கில். கண்ணால் காட்டியது கொலராடோக்காரர்கள் கணக்கில். துளியைச் சொன்னது பெட்ரோவ், பிடித்தது ஸ்டுட்கார்ட்காரர்களும் மற்றவர்களும். ஒருவர் வரவை இன்னொருவர் கணக்கில் போட்டு போஸைப் பெரியவர் ஆக்க வேண்டிய அவசியம் இல்லை. அவர் சொந்த வரவே போதும்.

நோபல் கிடைக்காத வருத்தத்தில் அவர் உட்கார்ந்துவிடவில்லை. மாணவர்களோடும், தாய்மொழி இதழோடும், எஸ்ராஜோடும் ஐம்பது ஆண்டு மும்முரமாக வாழ்ந்தார். தான் செய்தது அவ்வளவு புதிது என்பதே எழுதும்போது தனக்குத் தெரியாது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். பாடத்தைச் சரியாக நடத்த வேண்டும் என்று நினைத்தார், அவ்வளவுதான். அந்த நாலு பக்கம் நூறு ஆண்டு தாண்டியும் புதுப்புது இடத்தில் பலன் தருகிறது. 2012இல் ஹிக்ஸ் போசான் கண்டுபிடித்தபோது பத்திரிகைகளில் ஹிக்ஸைப் பற்றி நிறைய எழுதினார்கள், பின்னால் ஒட்டியிருந்த போசானில் யார் இருக்கிறார் என்று சொன்னவர்கள் குறைவு. இனி நீங்கள் சொல்லுங்கள்.

ஐன்ஸ்டைனையும் மறக்க வேண்டாம். முன்பின் தெரியாத ஒருவர் நீட்டிய காகிதத்தை வாங்கிப் படித்த பெருந்தன்மை இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை. நம்மிடமும் யாராவது தயங்கித் தயங்கி ஒரு காகிதத்தை நீட்டக்கூடும். பக்கத்து பிளாட் பையனின் புராஜெக்டாக இருக்கலாம், வாட்ச்மேன் மகளின் விண்ணப்பமாக இருக்கலாம். ஐந்து நிமிடம் ஒதுக்கிப் படித்துப் பாருங்கள்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ராமு, சோமு கணக்கை ஒரு தடவை போடச் சொல்லுங்கள். நான்கா, மூன்றா என்று அவர்கள் சண்டை போட்டால் இந்தக் கட்டுரை எழுதிய பலன் எனக்குக் கிடைத்துவிட்டது. அடுத்த இதழில் சந்திப்போம்.